பூசாத கரை

காலை ஆறே முக்கால் மணி. ஜீப்பிலிருந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது பச்சை. பங்குனி பிறந்திருந்த நேரம். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே அந்த மாதத்தில் பச்சை என்பது தென்னை மட்டைகளின் உயரத்தில்தான் இருக்கும், தரையில் இருக்காது. கடலைக்கொடி பிடுங்கிய காடுகள் பொடிமண்ணாக வெளுத்துக் கிடக்கும். அங்கே மட்டும் வாய்க்கால் கரையை ஒட்டி நீளவாக்கில் ஒரு பட்டையாக, இடுப்பளவு தீவனப்புல், முந்தின இரவு மழை பெய்ததுபோல நின்றது. அதன் ஓரத்தில் ஒரு பெண் அரிவாளோடு குனிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அரிவாளைப் புல்லுக்குள் வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

நான் அந்தத் தோட்டத்துக்குப் போனது செய்தி எடுக்க அல்ல. மாவட்டச் செய்திப் பக்கத்துக்கு நான் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகை பாலக்காட்டு அலுவலகத்தை மூடிவிட்டது. அதன்பின் விவசாயிகளுக்கு ரோபோவும் சென்சாரும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு திட்டத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். எர்ணாகுளத்திலிருந்து வரும் பொறியாளர்கள் மலையாளத்தில் சொல்வதைக் கிழக்குப் பாலக்காட்டுத் தமிழ் விவசாயிகளுக்குப் புரியவைக்க வேண்டும். விவசாயிகள் சொல்வதைப் பொறியாளர்களுக்குச் சொல்ல வேண்டும். கடைசியில், எல்லாம் நன்றாக நடந்தது என்று படத்தோடு ஒரு கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது வேலைக்குத்தான் என்னை எடுத்திருக்கிறார்கள் என்பது சேர்ந்த பிறகு தெரிந்தது.

தோட்டக்காரர் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மேற்குக் கோடியில் கிணறு, நடுவில் தென்னை, கிழக்குக் கோடியில் கத்தரியும் மிளகாயும் போட்ட காடு. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு தூரமும் மண் வாய்க்காலில்தான் ஓடியது. என்னை அவருக்குப் பழைய வேலையில் தெரியும்.

"வாங்க நிருபரே. உங்க பத்திரிகையத்தான் மூடீட்டாங்கன்னாங்க. இப்ப எங்களைய மூட வந்தீங்களா?" என்றார்.

கூட வந்திருந்த பொறியாளருக்கு இருபத்தைந்துக்கு மேல் இருக்காது. கெட்டிக்காரப் பெண், எந்த வெயிலிலும் கருவியைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் பையில் வைப்பார். அவர் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அவரும் சிரித்தார். அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கிணற்றிலிருந்து வாய்க்காலோடு நடந்தோம். கரை முழுவதும் களிமண் குழைத்துப் பூசி, வழுவழுப்பாகத் தேய்த்திருந்தது. இங்கே பொங்கல் முடிந்ததும் வாய்க்காலைத் தூர்வாரிக் கரை பூசுவார்கள். அவர் அதை அக்கறையாகச் செய்திருந்தார். தென்னை முடிந்து புல் தொடங்கும் இடத்தில் மட்டும் பூச்சு நின்றுவிட்டது. அந்தத் துண்டில் கரையின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஓசையில்லாமல் ஊறிப் புல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. புல் முடிந்த இடத்தில் பூச்சு மறுபடி தொடங்கியது.

"இங்க என்னங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

"எலி வளைங்க. அடைச்சு அடைச்சுப் பாத்தாச்சு, நிக்கமாட்டீங்குது."

எலி வளையின் வாய் நைந்திருக்கும். இங்கே ஊற்றுக்கண்களின் விளிம்பு மண்வெட்டியால் செதுக்கியதுபோல நேராக இருந்தது. பொறியாளர் அதற்குள் காய்கறிக் காட்டுக்குப் போயிருந்தார்.

விவரத்தைச் சொன்னவர் தோட்டக்காரரின் மனைவி. அடுத்த வாரம் மண்ணில் ஈரம் அளக்கும் சென்சார்களை நட்டுக்கொண்டிருந்த நாளில், சமையலறை வாசலில் நின்று காப்பி கொடுத்தபடி, குறை சொல்வதும் பெருமை பேசுவதுமாகக் கலந்து சொன்னார். புல் அறுத்துக்கொண்டிருந்தவர் தோட்டக்காரரின் தங்கை. கல்யாணமாகிச் சில வருடங்களில் கணவர் இறந்து திரும்பி வந்தவர். அப்பா உயிரோடு இருந்தபோதே வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஓட்டு வீடு கட்டிக் கொடுத்துவிட்டார். நிலம் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது. தங்கை பங்கு கேட்கவில்லை. அண்ணன் கொடுக்கவுமில்லை.

"பொண்ணுகளுக்கும் பாகம் உண்டுன்னு சட்டம் இருக்குதுங்க. அவளுக்குத் தெரியாதா? ஆனா கேட்டான்னா கேஸு, கேக்கலைன்னா ஒறவு. அவ ஒறவ வெச்சுக்கிட்டா."

"அந்த வாய்க்கால் கசிவு?"

அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தவில்லை. மூடி மறைக்கும் சங்கதியாக அதை அவர் நினைக்கவில்லை என்று தோன்றியது.

"அதுங்களா. வருசா வருசம் கரை பூசறப்ப அங்க மட்டும் ஆளுகளை வுடமாட்டாருங்க. இவரேதான் மம்பட்டி எடுத்துட்டுப் போவாரு. பூசறாரா தோண்டறாரான்னு நாங்க யாரும் போய்ப் பாக்கறதில்லை. தங்கச்சிக்குத் தண்ணி உடறேன்னு இவரு ஒரு நாளும் வாயத் தொறந்து சொன்னதில்லீங்க. எனக்குத் தண்ணி உடுங்கண்ணான்னு அவளும் கேட்டதில்லை."

கசிவில் புல் வளர்ந்தது. புல்லைத் தின்று இரண்டு மாடுகள் பால் கறந்தன. காலையும் மாலையும் அந்தப் பெண் பால் சொசைட்டி வண்டிக்குத் தூக்குப் பாத்திரத்தோடு போனார். அதனால் அண்ணன் வீட்டு அடுப்பில் அவருக்கு வேலையில்லாமல் இருந்தது. "தீவாளிக்கு வருவாளுங்க. எலையில உக்காந்து சாப்புட்டுப் போவா. மத்த நாள்ல ஒரு வாய் காப்பி குடிக்கமாட்டா" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டு, "ரோசக்காரி" என்று சேர்த்துக்கொண்டார். அந்தச் சொல்லில் மட்டும் கொஞ்சம் பொறாமை இருந்தது.

சித்திரையில் களையெடுக்கும் ரோபோவின் செயல்விளக்கம் வைத்தோம். அந்த இயந்திரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. அதை முதலில் கொண்டுபோன இடம் சின்னக்கானல் பக்கத்துத் தேயிலைச் சரிவு. அங்கே அது நிற்கவே முடியாமல் உருண்டது. எஸ்டேட் பெண்கள் அதைக் கயிறு கட்டி ஏற்றினார்கள். அதனால் 'சமதளத்துக்கு ஏற்றது' என்ற குறிப்போடு எங்களிடம் இறக்கிவிட்டிருந்தார்கள். நாலு சக்கரம், முன்னால் ஒரு கேமரா, வயிற்றுக்கடியில் சுழலும் கொத்து. பெரிய ஆமை போல இருந்தது.

பந்தல் போட்டிருந்தோம். பஞ்சாயத்து மெம்பர் வந்தார். சுற்றுவட்டத்து விவசாயிகள் துண்டை உதறி நாற்காலியில் போட்டு இடம் பிடித்தார்கள். பெண்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், புல்லின் ஓரமாக நின்றார்கள். தங்கையும் அங்கே நின்றார்.

ரோபோ கத்தரி வரிசைக்குள் ஒழுங்காகப் போனது. களையைக் கொத்தியது, செடியைத் தொடவில்லை. கூட்டத்தில் மெய்யான வியப்பு இருந்தது. அதை நான் எழுதிக்கொண்டேன். கோடி வரை போய்த் திரும்பும்போது வாய்க்காலை ஒட்டிய பாதையில் வர வேண்டும். கசிவு வாய்க்காலின் இந்தப் பக்கமும் கொஞ்சம் ஊறியிருந்தது. மேலே காய்ந்த பொடிமண் மூடியிருந்ததால் கேமராவுக்கு அது தெரியவில்லை. முன்சக்கரம் இரண்டும் புதைந்தன. பின்சக்கரங்கள் சுற்றிச் சேற்றை மெம்பரின் வேட்டி வரை வாரி இறைத்தன.

"பாவம், தாகமுங்க. தண்ணி குடிக்குது."

"மலையில நிக்காது, சேத்துல போகாது. பேசாம சோபாவுல உக்கார வைங்க."

"ஏனுங்க, இதையக் கட்டி இழுக்கறதுக்கும் ஒரு ரோபோ வேணுமாட்ட இருக்குதே?"

இதுவரைக்கும் தோட்டக்காரரும் சிரித்தார். அப்போது ஒருவர் பேசினார். தேங்காய் வியாபாரி, தோட்டக்காரருக்குப் பங்காளி முறை. நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னார்.

"அதுக்கு என்னங்க தெரியும், அது தங்கச்சி தண்ணின்னு? எங்களையாட்ட ஒதுங்கிப் போகத் தெரியலை."

கூட்டம் முழுதும் சிரித்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எத்தனையோ வருடமாக எல்லோருக்கும் தெரிந்திருந்து, யாரும் சொல்லாமல் இருந்த ஒன்றை ஒருவர் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். தோட்டக்காரரின் சிரிப்பு மற்றவர்களுக்கு முன்னால் நின்றது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தங்கை தலையைக் குனிந்து, காலால் புல்லை ஒதுக்கி, எதையோ தேடுவதுபோல வீட்டுப் பக்கம் நடந்தார்.

பந்தலைப் பிரிக்கும்போது தோட்டக்காரர் பொறியாளரிடம் வந்தார். என்னைப் பார்க்காமல், அவரையே பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க மேடம், அந்த வாய்க்கால்ல எவ்வளவு தண்ணி வீணாப் போகுதுன்னு உங்க மெசினு சொல்லுமுங்களா?"

நான் மொழிபெயர்த்ததும் பொறியாளரின் முகம் மலர்ந்தது. அந்தத் திட்டத்தில் தானாக வந்து ஓர் அளவு கேட்ட முதல் விவசாயி அவர். திரும்பி வரும்போது ஜீப்பில் அதை இரண்டு முறை சொன்னார். நான் கவனித்தது வேறு. 'வீணாப் போகுது' என்று அவர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அதுவரை அவர் வாயில் எலி வளைதான் இருந்தது.

வாய்க்காலின் இரண்டு முனையிலும் நீரோட்டம் அளக்கும் கருவிகளை வைத்தார்கள். சில நாட்களில் பொறியாளர் கைக்கணினியில் படத்தைக் காட்டினார். கிணற்றிலிருந்து ஏறியது நீலக்கோடு. காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது அதற்குக் கீழே இன்னொரு நீலக்கோடு. இரண்டுக்கும் நடுவில் சிவப்பு. சிவப்புக்குச் செயலியில் ஒரே பெயர்தான் இருந்தது: இழப்பு. வேறு பெயர் எழுத இடம் கிடையாது. கருவி பொய் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் காட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்பது உண்மைதான்.

"அப்ப மெசினே சொல்லுதுங்களா?" என்றார் தோட்டக்காரர்.

"ஆமாங்க" என்றேன்.

"நான் சொல்லலை."

"இல்லைங்க."

"நிருபரே, நீங்க சாட்சி" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

தீர்வும் அதே செயலியிலேயே இருந்தது. வாய்க்காலை மூடிவிட்டு நிலத்துக்கடியில் குழாய். காட்டில் தானாகத் திறந்து மூடும் வால்வுகள். மண்ணில் ஈரம் குறைந்தால் சென்சார் சொல்லும், மோட்டார் ஓடும், போதும் என்றால் நிற்கும். எல்லாம் கைபேசியில் தெரியும். நிலம் அப்பா பெயரில் இருந்ததால் வாரிசுகள் எல்லோரும் சம்மதம் சொல்ல வேண்டும். தங்கை வீட்டுக்கு நானும் பொறியாளரும் போனோம்.

நான் தமிழில் எதையும் மறைக்காமல் சொன்னேன். வாய்க்கால் இருக்காது, மண் போட்டு மூடுவார்கள், தண்ணீர் குழாய்க்குள் போகும், சொட்டுக்கூட வெளியே வராது.

"அண்ணன் என்ன சொன்னாருங்க?"

"போடலாம்னு சொன்னாருங்க."

"அப்பறம் என்னங்க. அவரு பண்றது நல்லதுக்குத்தான்."

"உங்க புல்லுக்குத் தண்ணி—"

"காப்பி குடிக்கறீங்களா? பால் இப்பத்தான் கறந்தது" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

குழாய் பதித்த நாளில் வாய்க்காலோடு பள்ளம் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வெட்டியவர்களுக்குத் தங்கைதான் மோர் கொண்டுவந்து கொடுத்தார். கொத்தமல்லித் தழை கிள்ளிப் போட்ட மோர். புல்லுக்கு நேராக வந்தபோது அவர் செம்போடு நின்றார். பிறகு என்னிடம் கேட்டார்.

"ஏனுங்க, குழாய்ல ஜாயிண்டு எங்கெங்க வருதுங்க?"

நான் பிளம்பரைக் கேட்டேன். அவர் சுருட்டி வைத்திருந்த கறுப்புக் குழாயைக் காட்டினார். "இது ஒரே நீளமுங்க. மோட்டாருல ஒண்ணு, அந்தாண்ட காட்டுல ஒண்ணு. நடுவால ஜாயிண்டே கெடையாது. ஜாயிண்டு இருந்தாத்தான கசியும்?"

தங்கை தலையசைத்தார். காலி டம்ளர்களை வாங்கிக் கழுவினார். அந்த ஒரு கேள்வி வரைக்கும் அவர் நினைத்திருந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கரையாக இருந்தபோது பூசாமல் விட்ட அண்ணன், குழாயாக இருந்தால் ஒரு ஜாயிண்டை இறுக்காமல் விடுவார். சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் அது நடக்கும். இத்தனை வருடம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

அண்ணன் அன்று பள்ளத்தின் பக்கம் வரவே இல்லை. மூடுகிற நாளில் மண்வெட்டியும் எடுக்கவில்லை.

பொறியாளருக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் திடுக்கிட்டார். உடனே வழியும் சொன்னார். புல்லுக்கு நேராகக் குழாயை அறுத்து ஒரு கிளைக்குழாய், ஒரு சின்ன வால்வு. அரை நாள் வேலை. செயலியில் தங்கையையும் பயனாளியாகச் சேர்த்துவிட்டால் போதும். அவர் கைபேசியில் அவரே திறந்துகொள்ளலாம். திட்டத்தில் பெண் பயனாளிகள் குறைவாக இருப்பதாக அலுவலகத்திலும் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இதைப்போல எளிதாகத் தீரும் பிரச்சினையைத் தான் பார்த்ததே இல்லை என்றார் அவர்.

நான் தோட்டக்காரரிடம் போனேன்.

"தாராளமா வெக்கலாங்க. அவ எனக்குப் பொறத்தியாளா? அம்மிணி வந்து ஒரு வார்த்தை கேக்கட்டும். நாளைக்கே வெச்சுத் தர்றேன்."

வாய்க்கால் இருந்த இடத்தைத் தாண்டித் தங்கையிடம் போனேன். அவர் சாணம் அள்ளிக்கொண்டிருந்தார்.

"குடுத்தா வாங்கிக்கறேனுங்க. கேக்கமாட்டேன்."

"கேட்டாத்தான் குடுப்பேன்னு அவர் சொல்லலைங்க. ஒரு வார்த்தை—"

"கசிஞ்ச தண்ணிக்கு நான் யாருகிட்டயும் ஒண்ணும் கேக்க வேண்டியதில்லாம இருந்துதுங்க. வால்வு வெச்சா இன்னைக்குத் தொறக்கட்டுமா நாளைக்குத் தொறக்கட்டுமான்னு தெனமும் கேக்கோணும். அப்பறம் அது அவரு குடுத்த தண்ணி. இது" என்று புல்லைக் காட்டினார், "இது எங்கப்பன் தண்ணி."

இதைப் பொறியாளருக்கு மலையாளத்தில் சொல்லிப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் சரியாகத்தான் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். "அவங்க போனில், அவங்க வால்வு. யாரிடம் கேட்க வேண்டும்?" என்றார். மோட்டார் அண்ணனுடையது, மின்சார இணைப்பு அண்ணன் பெயரில், கிணறு அவர் கையில் என்றேன். "அது எப்போதும் அப்படித்தானே இருந்தது?" என்றார். அதுவும் உண்மைதான். மறுநாள் கைக்கணினியில், 'பயனாளிக்கு விருப்பமில்லை' என்று பதிந்தார். அதற்கு மட்டும் அங்கே ஓர் இடம் இருந்தது.

இந்த வேலையில் இருந்த காலத்தில் பல தோட்டங்களைப் பார்த்தேன். கருவிகள் முதலில் செய்து கொடுத்த வேலை களையெடுப்போ மருந்தடிப்போ அல்ல. மனிதர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசியதை அவர்களுக்குப் பதிலாக அவை சொல்லின. வேலந்தாவளம் பக்கம் ஒரு தென்னந்தோப்பில், விழுந்த மட்டை பொறுக்க வரும் பெண்களை நிறுத்த உரிமையாளருக்குத் துணிச்சல் இருந்ததில்லை. அவர்களில் பாதிப் பேர் அவர் மகளின் கல்யாணத்துக்குச் சமைத்தவர்கள். கேமரா வைத்த பிறகு, "நான் என்னங்க பண்றது, எல்லாம் அதுல படமா வுழுந்துருதே" என்றார். கேமராவைப் போட்டுக்கொண்டவர் அவர்தான் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. கேமராவோடு சண்டை போடவும் முடியாது.

வைகாசியில் மறுபடி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கட்டுரைக்குப் படம் வேண்டும் என்று அலுவலகம் கேட்டிருந்தது. மோட்டார் தானாக ஓடித் தானாக நின்றது. மிச்சமான தண்ணீரில் தோட்டக்காரர் இன்னும் கொஞ்சம் மிளகாய் வைத்திருந்தார். செடிகள் திடமாக இருந்தன. இதையெல்லாம் குறைத்துச் சொல்ல முடியாது.

வாய்க்கால் மூடிய இடத்துக்கு அந்தப் பக்கம் புல் நுனியிலிருந்து பழுத்துக்கொண்டு வந்தது. நான் காட்டின் ஓரத்தில் நின்று தோட்டக்காரரைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்தார். கையில் அரிவாள் இல்லை. அண்ணனிடமிருந்து கொஞ்சம் தள்ளி நின்றார். அவர்கள் பேசியது முழுதும் எனக்குக் கேட்டது. இரண்டு பேரும் அதை மறைக்கவில்லை.

"அண்ணா, புல்லு வாடுதுங்க."

அவர் கேட்பதாக இல்லை; சொன்னார், அவ்வளவுதான். வானம் மூடியிருக்கிறது என்று சொல்வதுபோல. அந்தக் குடும்பத்தில் இதற்குமேல் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

அண்ணன் சட்டைப்பையிலிருந்து கைபேசியை எடுத்தார். திரையைத் தங்கையின் பக்கம் திருப்பினார்.

"நான் என்ன அம்மிணி பண்றது? முந்தியாட்டமா? இதுலதான் தொறக்குது, இதுலதான் மூடுது. எந்தப் பக்கம் ஈரமில்லைன்னு இது சொல்லுதோ அந்தப் பக்கந்தான் போகும். உன்ற பக்கம் இதுல இல்லை."

"போனுகிட்ட நான் என்னத்தைங்கண்ணா கேக்கறது?"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இருவரும் திரையைப் பார்த்தார்கள். அதில் தோட்டத்தின் வரைபடம் இருந்தது. காய்கறிக் காடு பச்சை. தென்னை பச்சை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறும் சாம்பல் நிறம். அங்கே சென்சார் நடவில்லை. எனவே அங்கே ஈரம் இருக்கிறதா இல்லையா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.

"மாட்டுக்குத் தவுடு வேணுமின்னா ஊட்டுல வந்து வாங்கிக்க" என்றார் அண்ணன்.

"இருக்குதுங்கண்ணா" என்றார் தங்கை.

இல்லை என்பதை அண்ணனும் அறிவார், அவர் மனைவியும் அறிவார். கொட்டகையில் தவிட்டுச் சாக்கைக் காலியாக மடித்து வைத்திருந்ததை நான் வரும்போதே பார்த்திருந்தேன்.

முதல் மாட்டை ஆனியில் விற்றார். வந்த வியாபாரியிடம் பேரம் பேசியது அண்ணன்தான். நல்ல விலைக்குத்தான் பேசிக் கொடுத்தார். பணத்தை எண்ணித் தங்கை கையில் கொடுத்துவிட்டு, மாட்டைக் கயிறு மாற்றி வண்டியில் ஏற்றும்போது பின்னாலிருந்து தள்ளியதும் அவர்தான். ஒரு மாட்டுக்காவது புல் வரும் என்று இரண்டாவதை வைத்திருந்தார். அந்த வருடம் மழை பிந்தியது. ஆளியாற்று அணைத் தண்ணீரும் நேரத்துக்கு வரவில்லை. இரண்டாவது மாடு கொட்டகையிலேயே மெலிந்தது. அதை வாங்க வந்தவர் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூட இல்லை.

பால் வண்டி சில நாள் பழக்கத்தில் அந்த வீட்டுக்கு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. பிறகு வேகத்தை மட்டும் குறைத்தது. பிறகு அதுவும் இல்லை.

என் கட்டுரையில் தோட்டக்காரரின் படம் இருந்தது. கையில் கைபேசி, பின்னால் மிளகாய்ச் செடி. கசிவைப் பற்றியும் தங்கையைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். பொறியாளரே அதைப் படித்து, இருக்கட்டும் என்று மேலே அனுப்பினார். தலைமை அலுவலகத்தில் அதை நீக்கினார்கள். காரணம் கேட்டபோது, குடும்ப விவகாரம் திட்டத்தின் எல்லைக்குள் வராது என்று பதில் வந்தது. தலைப்பை அவர்களே கொடுத்தார்கள்: 'ஒரு சொட்டும் வீணில்லை.' பாலக்காட்டுச் சித்தூரில் நடந்த கூட்டமொன்றில் தோட்டக்காரரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தத் தேங்காய் வியாபாரியும் கூட்டத்தில் இருந்தார். இப்போது அவர் தோட்டத்திலும் குழாய் போடக் கேட்டிருந்தார்.

கார்த்திகையில் மருந்தடிக்கும் ட்ரோன் கொண்டுபோனோம். காலை எட்டு மணிக்குத் தோட்டக்காரர் வீட்டில் எங்களுக்குக் காப்பி வந்தது. கொண்டுவந்தவர் தங்கை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தார். அண்ணியின் பழைய புடவை அது. குழாய் பதித்த நாளில் அந்த அம்மாள் அதைக் கட்டியிருந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இருக்கறனுங்க."

உள்ளேயிருந்து அண்ணி நாத்தனாரைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார். "ஏனுங் நங்கையா, இட்டிலிக்கு ஊத்தீட்டீங்களா? ஆளுகளுக்குப் பொளுதாச்சு." குரலில் அதட்டல் இல்லை. தினமும் கேட்கிற கேள்வியின் வழவழப்பு இருந்தது. தங்கை டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார். காப்பி பாக்கெட் பாலில் போட்டது.

பொறியாளர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். அடுத்த மாதம் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அதற்கும் இதற்கும் தொடர்புண்டா என்று நான் கேட்டதில்லை.

ட்ரோன் ஏறி இறங்குவதற்குச் சமமான, செடி கொடி இல்லாத, காய்ந்து இறுகிய தரை வேண்டும். ஈரமிருந்தால் இறக்கை கிளப்பும் காற்றில் சேறு தெறிக்கும். மேலே மட்டை இருந்தால் இடிக்கும். அந்தத் தோட்டத்தில் அப்படி ஓர் இடம்தான் இருந்தது. வாய்க்கால் மூடிய கரைக்கு அந்தப் பக்கம், நீளவாக்கில் ஒரு பட்டை. தோட்டக்காரர் அங்கே சுண்ணாம்பில் ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.